லீவ் லெட்டரில் கருணை யாருடையது?

தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும், தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன பலர் ஓர் ஆங்கிலக் கடிதத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிடுவார்கள். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று அது தொடங்கும். 'ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் ஒன் டே ஒன்லி' என்று வளரும். 'தேங்க்கிங் யூ, யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று முடியும். அந்த 'ஒன்லி' செக்கில் எழுதும் 'ரூபாய் ஐந்நூறு மட்டும்' வழியாக உள்ளே நுழைந்திருக்கும் என்பது என் ஊகம். செக்கில் அதற்கு வேலை உண்டு, யாரும் பக்கத்தில் ஒரு சைபர் சேர்த்துவிடக் கூடாது. லீவ் லெட்டரில் யார் நாள் சேர்க்கப்போகிறார்கள்?

கடையநல்லூர் போன்ற ஊரில் இந்தக் கடிதத்துக்கு ஆயுள் அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலையடியில், தென்காசிக்கும் புளியங்குடிக்கும் இடையில் இருக்கிறது ஊர். தறியும் வயலும் ஒருபக்கம், கடல் கடந்த பிழைப்பு மறுபக்கம். காய்ச்சலுக்காகப் பள்ளியில் எழுதிய வாக்கியமே கல்லூரியில் போனஃபைடு சான்றிதழ் கேட்கும்போது வருகிறது. தாலுகா ஆபீஸ் மனுவில் வருகிறது. பிறகு துபாயிலோ தம்மாமிலோ இருக்கும் கம்பெனியின் எச்.ஆருக்கு அனுப்பும் மெயிலிலும் வந்து உட்காருகிறது. காய்ச்சல் போய் வருடாந்திர விடுமுறை வந்திருக்கும். 'ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ' மட்டும் அப்படியே இருக்கும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் அந்தத் தொடரைப் படிக்கும்போது சற்றுத் தடுக்கி விழுகிறார். 'கைண்ட்லி' என்பது 'ரிக்வெஸ்ட்' என்ற வினையோடு ஒட்டி நிற்கிறது. ரிக்வெஸ்ட் செய்வது யார்? 'ஐ'. ஆகவே கருணை காட்டுவதும் 'ஐ'தான். 'நான் பெருங்கருணையோடு உம்மிடம் கேட்கிறேன்' என்று ஏழாம் வகுப்பு மாணவன் தலைமையாசிரியருக்கு எழுதியதுபோல் ஆகிவிடுகிறது. சிம்மாசனத்திலிருந்து இறங்கிவந்து லீவ் கேட்கும் பாவனை. கருணை காட்ட வேண்டியவர் தலைமையாசிரியர் அல்லவா?

இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. தஞ்சாவூர் மாணவனும் கடையநல்லூர் மாணவியும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறுகிறார்கள் என்றால், தவறுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். அந்த ஒழுங்கு நம் மொழியின் எலும்புக்கூட்டில் இருக்கிறது.

'கைண்ட்லி'யைக் கொஞ்ச நேரம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மிச்ச வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்போம். ஐ, ரிக்வெஸ்ட், யூ, டு கிராண்ட், மீ, லீவ், ஃபார் ஒன் டே. இப்போது கடைசித் துண்டிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வாருங்கள். ஒரு நாளைக்கு, விடுப்பு, எனக்கு, அளிக்குமாறு, தங்களை, வேண்டுகிறேன். ஒரு துண்டைக்கூட இடம் மாற்றத் தேவையில்லை, முழுத் தமிழ் வாக்கியம் கிடைத்துவிட்டது. முதலில் நின்ற 'ஐ' எங்கே போயிற்று என்றால், அதுவும் தொலைந்துபோகவில்லை. 'வேண்டுகிறேன்' என்பதன் வாலில் 'ஏன்' என்று கடைசி ஆளாக நிற்கிறது. துண்டுகளுக்கு உள்ளேயும் இதே கதைதான். ஆங்கிலத்தில் 'டு' முன்னால், 'கிராண்ட்' பின்னால். தமிழில் 'அளிக்கு' முன்னால், 'மாறு' பின்னால். 'ஃபார்' தலையில் வருகிறது, 'க்கு' காலில் வருகிறது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி நிற்கும் இரண்டு மொழிகள்.

நாம் வழக்கமாக 'எனக்கு ஒருநாள் விடுப்பு' என்றுதான் எழுதுவோம், அது உண்மை. தமிழில் பெயர்ச்சொற்கள் ஒன்றையொன்று தாண்டிக் குதிக்கலாம், வேற்றுமை உருபு காப்பாற்றிவிடும். ஆனால் வினைகளின் வரிசையில் அந்தச் சலுகை குறைவு. 'அளிக்குமாறு' முன்னால், 'வேண்டுகிறேன்' கடைசியில். எழுத்துத் தமிழில் இதுவே அச்சு.

இந்த எதிர்வரிசையை முறையாகக் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் நம் சீமையிலேயே வாழ்ந்தார். திருநெல்வேலிச் சீமையின் தெற்கே, தேரிமணலுக்கு நடுவிலுள்ள இடையன்குடியில் ஊழியம் செய்த ராபர்ட் கால்டுவெல், 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், நம் மொழிகள் முன்னிடைச் சொற்களுக்குப் பதில் பின்னொட்டுகளைக் கொள்வதையும், 'அண்டு' போன்ற இணைப்புச் சொற்களைவிட வினையெச்சங்களை அடுக்கிச் செல்வதையே விரும்புவதையும் பட்டியலிட்டார். நூறாண்டுக்குப் பின், 1963இல், ஜோசப் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க அறிஞர் உலகின் 30 மொழிகளை எடுத்து ஒப்பிட்டு 45 பொதுவிதிகளை முன்வைத்தார். அவருடைய முப்பதில் கன்னடமும் ஒன்று. வினை கடைசியில் வரும் மொழியில் வேற்றுமை உருபு போன்றவையும் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால்தான் வரும் என்பது அவர் கண்ட ஒழுங்குகளில் புகழ்பெற்றது. ஜப்பானியமும் துருக்கியும் கொரியமும் நம் பக்கம். ஆங்கிலம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

இப்போது ஓரமாக வைத்த சொல்லை எடுப்போம். 'தயவுசெய்து எனக்கு ஒருநாள் விடுப்பு அளிக்குமாறு தங்களை வேண்டுகிறேன்.' தமிழில் 'தயவுசெய்து' வாக்கியத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் முதல் வினை 'அளிக்குமாறு'. அது அதையே பிடித்துக்கொள்கிறது, குழப்பமில்லை. இதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது எல்லாச் சொற்களையும் திருப்பிவிட்டோம். தலையில் இருந்த ஒன்றை மட்டும் தலையிலேயே விட்டுவிட்டோம். ஆங்கிலத்தின் தலைப்பகுதியில் இருக்கும் வினை எது? 'ரிக்வெஸ்ட்'. 'கைண்ட்லி' போய் அதன்மேல் விழுந்தது. பிழையின் பூர்வீகம் இவ்வளவுதான்.

இதில் எனக்கு உண்மையிலேயே வியப்பளிப்பது வேறு. இந்த ஆங்கிலப் பிழையைப் பிடிக்கும் விதி தொல்காப்பியத்தில் இருக்கிறது. வினையியலில் வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கும் தொல்காப்பியர், 'செய்து' உள்ளிட்ட முதல் மூன்று வாய்பாடுகளுக்கு ஒரு கட்டுப்பாடு வைக்கிறார். எச்சத்தின் வினையைச் செய்தவர் யாரோ, அவரே முடிக்கும் வினையையும் செய்தவராக இருக்க வேண்டும். 'சாப்பிட்டுத் தூங்கினான்' என்றால் சாப்பிட்டவனும் அவன்தான், தூங்கியவனும் அவன்தான். ஒருவன் சாப்பிட இன்னொருவன் தூங்கியதை அந்த வாக்கியத்தால் சொல்ல முடியாது. 'தயவுசெய்து' என்பதும் 'செய்து' வாய்பாட்டு எச்சமே, அந்த வாய்பாட்டின் பெயரே அதற்குள் இருக்கிறது. ஆகவே தயவு செய்பவர் அளிப்பவர். கேட்பவர் அல்ல.

விவரம் தெரிந்தவர்கள் 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்ற வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெய்தது மழை, நிறைந்தது குளம், விதி உடைந்துவிட்டதே என்பார்கள். உரைகாரர்களின் பதில், அங்கே 'பெய்து' என்பது 'பெய்ய' என்பதன் இடத்தில் திரிந்து நிற்கிறது என்பது. ஒப்புக்கொள்ளலாம், கொள்ளாமலும் போகலாம். பேச்சிலும் 'உங்கள தயவுசெஞ்சு கேட்டுக்கிறேன்' என்ற வழக்கு உண்டுதான். அப்போதும் கேட்பவர் காதில் 'தயவுசெஞ்சு இதைப் பண்ணுங்க, கேட்டுக்கிறேன்' என்றே விழுகிறது, விடுபட்ட வினையை மனம் நிரப்பிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அப்படி நிரப்பிப் படிக்க யாரும் காத்திருப்பதில்லை.

தமிழ் வழக்கை உற்றுப் பார்த்தால் இந்தப் பங்கீடு எவ்வளவு துல்லியமானது என்று தெரியும். கல்யாணப் பத்திரிகையில் 'அன்புடன் அழைக்கிறோம்' என்கிறோம். அன்பு அழைப்பவருடையது. மனுவில் 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்கிறோம். பணிவு கேட்பவருடையது. ரயில் நிலைய ஒலிபெருக்கியோ 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்கிறது. கனிவு கேட்கும் ரயில்வேயுடையதல்ல, காது கொடுக்கும் பயணிகளுடையது. அன்பும் பணிவும் கேட்பவர் கையிலிருந்து போகும், தயவும் கனிவும் கொடுப்பவர் கையிலிருந்து வரும். ஆங்கிலத்திலும் கணக்கு இதேதான். 'ஹம்ப்ளி', 'ரெஸ்பெக்ட்ஃபுல்லி' இரண்டும் கேட்பவர் பக்கம். அதனால் 'ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்' இலக்கணப்படி சரியே. 'கைண்ட்லி', 'கிரேஷியஸ்லி' இரண்டும் பழைய ஆங்கில மனு வழக்கில் கொடுப்பவர் பக்கம். அதனால் 'கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்' சரி. 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்' என்பதும் சரி.

அந்தக் கடைசி வடிவம் எளிதாக வந்திருக்க வேண்டியது. வராமல் தடுத்ததில் பழைய ஆங்கில வாத்தியார்களுக்கும் பங்கு உண்டோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் இன்னொரு சொல்லைச் செருகக் கூடாது என்று 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஓர் ஆசாரம் கிளம்பியது. ஹென்றி ஆல்ஃபோர்டு என்ற பாதிரியார் 1864இல் அப்படிச் செருகுவதைக் கண்டித்து எழுதினார். 1926இல் ஃபவ்லர் தம் புகழ்பெற்ற வழக்கு அகராதியில் அந்தப் பயத்தைக் கேலி செய்துவிட்டார். ஆனால் ஆசாரம் எங்கே பிறந்ததோ அங்கே செத்த பிறகும் ஏற்றுமதியான இடத்தில் உயிரோடிருக்கும். 'டு கைண்ட்லி கிராண்ட்' தப்பு என்று சிவப்பு மை அடித்தால், மாணவன் அந்தக் 'கைண்ட்லி'யை எங்கே கொண்டுபோய் வைப்பான்? முன்னால்தான்.

நமக்கு மட்டும் நேர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஐரோப்பிய ஓட்டல்களின் குளியலறை அட்டைகளில் 'வீ கைண்ட்லி ஆஸ்க் அவர் கெஸ்ட்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். ஜெர்மானியருக்கு 'நட்போடு கேட்டுக்கொள்கிறோம்' என்று சொல்லும் வழக்கம் உண்டு, அந்த நட்பு கேட்பவருடையது. அவர்கள் வேறொரு சந்து வழியாக வந்து அதே முச்சந்தியில் நிற்கிறார்கள். இந்தியாவுக்குள்ளோ எல்லாரும் நம் தெரு. தெலுங்கில் 'தயசேசி', கன்னடத்தில் 'தயவிட்டு', இந்தியில் 'கிருபா கர்கே' என எல்லாமே தயவையோ கிருபையையோ செய்துவிட்டு அடுத்த வினைக்குப் போகும் எச்சங்கள். நீலகிரியில் தோடர்களின் மொழியை ஆராய்ந்த மர்ரே எமனோ, வேர் வேறான மொழிகளும் ஒரே நிலத்தில் நெடுங்காலம் பழகினால் இலக்கணத்தைக் கைமாற்றிக்கொள்ளும் என்று 1956இல் எழுதியபோது இந்தியாவைத்தான் எடுத்துக்காட்டினார். 'செய்து' போன்ற எச்சம் இந்தோ ஆரிய மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் பொதுவாக இருப்பது அந்த உறவின் முக்கியச் சாட்சிகளில் ஒன்று.

சரி, இவ்வளவு கூரான காது இருந்தும் 'ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட்' ஏன் நம்மை உறுத்துவதில்லை? நாம் அதை வாக்கியமாகப் படிப்பதே இல்லை என்பதுதான் காரணம்.

மனம் ஒவ்வொரு முறையும் சொற்களை எடுத்து, இலக்கணப் பசை தடவி, வாக்கியம் கட்டுகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். பேச்சில் பெரும்பகுதி அப்படிக் கட்டப்படுவதில்லை, ஆயத்தக் கட்டிகளாகவே எடுத்து வைக்கப்படுகிறது என்று இப்போது தெரிகிறது. 2008இல் காலின் பேனர்டு, டானியெல் மேத்யூஸ் என்ற ஆய்வாளர்கள் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளிடம் நான்கு சொல் ஆங்கிலத் தொடர்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைத்தார்கள். 'சிட் இன் யுவர் சேர்' ஒன்று, 'சிட் இன் யுவர் டிரக்' இன்னொன்று. முதல் மூன்று சொற்களும் ஒன்றே. குழந்தைகள் அடிக்கடி காதில் விழும் நாற்காலித் தொடரையே அதிகம் பிழையின்றிச் சொன்னார்கள். மூன்று வயதுக்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். பொதுவான அந்த முதல் மூன்று சொற்களையே பழகிய தொடரில் வேகமாகச் சொன்னார்கள். நான்காவது சொல் வாய்க்கு வருவதற்கு முன்பே அதன் வேலை தொடங்கிவிட்டது. தொடர் முழுதாக உள்ளே பதிந்திருந்தால்தான் இது நடக்கும். பெரியவர்களும் இப்படித்தான் என்று இன்பல் அர்னானும் நீல் ஸ்னைடரும் 2010இல் காட்டினார்கள். அதிகம் புழங்கும் நான்கு சொல் தொடரை, குறைவாகப் புழங்கும் அதே அமைப்புள்ள தொடரைவிட மனம் விரைவாக அடையாளம் காண்கிறது.

மருத்துவம் இதை முன்பே கவனித்திருந்தது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்தவர்கள் சிலர் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கத் திணறுவார்கள். ஆனால் வணக்கமும் வசவும் பிரார்த்தனை வரிகளும் ஒன்று இரண்டு மூன்று எண்ணுவதும் தடையில்லாமல் வரும். லண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பதிவு செய்து, தானாக வரும் பேச்சு வேறு, யோசித்துக் கட்டும் பேச்சு வேறு என்று பிரித்தார்.

நம் பழைய தமிழ்க் கடிதங்களில் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, குசலம் முடிந்ததும் 'நிற்க' என்று போடுவார்கள். எதை நிற்கச் சொல்கிறார்கள் என்று யாராவது கேட்டதுண்டா? குசலம் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன் என்பதற்கு அது ஓர் அடையாளம். லீவ் லெட்டரும் அதே இனம். 'அக்கா கல்யாணத்தால் சஃபர் ஆவதால் லீவ் வேண்டும்' என்று எழுதிய மாணவனைப் பற்றிய சிரிப்புக்கதை எல்லா ஊரிலும் உண்டு. அவனுக்கு 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம்' என்பது பிரிக்க முடியாத ஒரே கட்டி. அதன் பின்னால் ஒரு கோடிட்ட இடம். காரணத்தை அதில் நிரப்பினான், அவ்வளவுதான். அவனைப் பார்த்துச் சிரிக்கும் நாமும் 'ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட்' கட்டியை உடைத்துப் பார்க்காமல்தான் அனுப்புகிறோம்.

மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதுவதை இளக்காரமாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. எழுதத் தெரியாத கிராமத்து வாசகர்களுக்காக மாதிரிக் கடித நூல் ஒன்று எழுதித் தரும்படி லண்டன் அச்சுக்காரர் சாமுவேல் ரிச்சர்ட்சனைப் புத்தக வியாபாரிகள் கேட்டார்கள். வேலைக்காரப் பெண்ணொருத்தி வீட்டுக்கு எழுதும் கடிதங்களை யோசிக்கும்போது கதை அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. 1740இல் 'பமிலா' வெளிவந்தது. ஆங்கில நாவலின் தொடக்கப் படிகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். மாதிரிக் கடித நூலோ அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது.

'தேங்க்கிங் யூ' விஷயத்திலும் தமிழ்க் காது உதவும். 'தேங்க்கிங் யூ' என்பது முற்று அல்ல. 'தங்களுக்கு நன்றி கூறி' என்று அந்தரத்தில் நிற்கும் எச்சம். நன்றி கூறி, என்ன செய்தீர்கள்? பழைய ஆங்கிலக் கடிதங்களில் அதற்கு விடை இருந்தது. 'தேங்க்கிங் யூ, ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடிப்பார்கள். நன்றி கூறி, தங்கள் விசுவாசியாக இருந்துவருகிறேன் என்று பொருள். இலக்கணம் கச்சிதம். எச்சத்துக்கும் முற்றுக்கும் ஒரே எழுவாய், தொல்காப்பியரே கையெழுத்துப் போட்டிருப்பார். காலப்போக்கில் 'ஐ ரிமெய்ன்' உதிர்ந்தது. எச்சம் முடிக்கும் சொல்லின்றி நிற்கிறது. இன்றைக்கு எழுதுவதானால் 'தேங்க் யூ' என்று ஒரு புள்ளி வைத்துவிட்டால் போதும்.

'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'க்கும் ஒரு வம்சாவளி உண்டு. 18ஆம் நூற்றாண்டில் 'தங்களின் மிகக் கீழ்ப்படிதலுள்ள பணியாளனாக இருக்கும் கௌரவம் உடையேன்' என்று முடிப்பது மரியாதை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோப்புகள் முழுக்க இந்தக் கௌரவம்தான். இதன் உச்சத்தை அமெரிக்காவில் பார்க்கலாம். 1804இல் ஆரன் பர்ரும் அலெக்ஸாண்டர் ஹாமில்டனும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டி எழுதிய கடிதங்களும் இப்படித்தான் 'கீழ்ப்படிதலுள்ள பணியாளன்' என்று முடிந்தன. அந்த ஜூலையில் இருவரும் துப்பாக்கியோடு சந்தித்தார்கள். ஹாமில்டன் சுடப்பட்டு இறந்தார். கட்டியாக வரும் தொடரின் பொருளை எழுதுபவரே படிப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பிரிட்டிஷ் அரசே பின்னாளில் இந்தக் கட்டிகளைக் கண்டு சலித்தது. அதிகாரிகள் மனிதர்களுக்குப் புரியும்படி எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்நாட்டு நிதித்துறை எர்னஸ்ட் கவர்ஸைக் கேட்டுக்கொள்ள, 1948இல் 'பிளெயின் வேர்ட்ஸ்' நூல் வந்தது. அங்கே அந்தப் பழைய மரியாதை உடுப்பைக் கழற்றிவிட்டார்கள். நாம் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சொல்வதால் நம் ஆங்கிலம் எல்லாமே பிழை என்று ஆகிவிடாது. 'டு தி நீட்ஃபுல்' என்று எழுதினால் சில வெளிநாட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். அந்தத் தொடர் அவர்கள் முன்னோர் எழுதியதே, அங்கே வழக்கொழிந்தது, இங்கே வாழ்கிறது. 'ஆவன செய்யுமாறு' என்ற நம் மனுத் தமிழோடு அது அவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டதும் அது நிலைத்ததற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இலக்கணமும் ஒழுங்காக இருக்கிறது, பொருளும் தெளிவாக இருக்கிறது. காஷ்மீரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த பிரஜ் கச்ரு, ஆங்கிலம் ஒன்றல்ல பல, இந்திய ஆங்கிலத்துக்கும் அதற்கான நியாயம் உண்டு என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். அவர் பக்கம்தான் நானும். ஆனால் நம் வழக்கு என்பது வேறு, தையல் பிரிந்த சட்டை என்பது வேறு. 'டு தி நீட்ஃபுல்' முதல் வகை. 'ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட்' இரண்டாம் வகை. நாம் சொல்ல நினைத்ததற்கு நேர்மாறானதை அது சொல்கிறது.

பாக்கி இருப்பது கடிதம் எந்த ஊருக்குப் போகிறது என்ற கேள்வி. கடையநல்லூரிலேயே இருக்கும் தலைமையாசிரியருக்கு 'கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்' பழுதற்றது. அதே 'கைண்ட்லி'யை இன்றைய லண்டனுக்கு அனுப்பினால் வாடை மாறிவிடும். அங்கே இப்போது 'கைண்ட்லி' என்பது பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் சொல். 'கைண்ட்லி கதவைச் சாத்து' என்றால் பொறுமை தீர்ந்துவிட்டது என்று பொருள். அங்கே 'ப்ளீஸ்' போதும், 'குட் யூ ப்ளீஸ்' இன்னும் மேல்.

சிங்கப்பூருக்குப் போகிறது என்றால் நிலைமை நடுவாந்தரம். அந்த ஊரோடு கடையநல்லூருக்கு நூறாண்டைத் தாண்டிய உறவு. நெசவு நலிந்த காலத்தில் இங்கிருந்து முஸ்லிம் குடும்பங்கள் கப்பலேறித் தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறின. ஆண்கள் மட்டும் போய்ச் சம்பாதித்துத் திரும்பிய காலத்தில், பெண்டு பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தவர்கள் இவர்கள். மசாலா அரைத்து விற்ற பெண்களின் உழைப்பும் அந்த வரலாற்றில் சேர்த்தி. 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கினார்கள். 1946இல் அதன் முயற்சியில் எழுந்த உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1982 வரை நடந்தது. தமிழுக்குப் பள்ளி கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், அரசே 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' என்று 2000ஆம் ஆண்டில் இயக்கம் தொடங்கிய நாட்டில் வளர்ந்தார்கள்.

அங்கேயும் இங்கேயும் பொதுவாகப் புழங்கும் ஒரு தொடர் 'கைண்ட்லி ரிவர்ட்'. பதில் எழுதுங்கள் என்று பொருள்படச் சொல்கிறோம். சென்னை அலுவலகத்துக்கும் சிங்கப்பூர் அலுவலகத்துக்கும் அது புரியும். லண்டன்காரர் 'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது என்று எடுத்துக்கொண்டு, எதற்குத் திரும்ப வேண்டும் என்று விழிப்பார். ஆங்கிலம் பேசும் முஸ்லிம்களிடையே அதற்கு மூன்றாவது பொருளும் உண்டு. இஸ்லாத்தைத் தழுவியவரை அவர்கள் 'ரிவர்ட்' என்கிறார்கள், பிறவி நெறிக்குத் திரும்பியவர் என்ற கருத்தில். ஆகவே கடையநல்லூரிலிருந்து ஒருவர் மான்செஸ்டரில் உள்ள முஸ்லிம் வியாபாரி ஒருவருக்கு விலைப்பட்டியல் அனுப்பிவிட்டு, கடைசி வரியில் 'கைண்ட்லி ரிவர்ட் அட் தி எர்லியஸ்ட்' என்று போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம். 'ப்ளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே' என்றால் எல்லாருக்கும் ஒரே பொருள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வந்தாலும் வரும்.